லின்ட்சே வான்: நாற்பது வயதில் திரும்பி வந்தது தைரியமா, பைத்தியமா?

சத்துவாச்சாரி சேகர் | 24 மார்ச் 2025, காலை 6:10

வணக்கம். இதை இந்தப் பகுதியில் போடலாமா என்று தெரியவில்லை, தப்பென்றால் மட்டுறுத்துநர் நகர்த்திவிடுங்கள்.

எங்கள் வீட்டில் மூன்று வாரமாக ஒரே பேர்தான் ஓடுகிறது. பெரியவளுக்கு கபடி ஆடும்போது இடது முட்டி ஜவ்வு கிழிந்து, ஆபரேஷன் முடிந்து, காலில் பிரேஸ் மாட்டிப் படுத்திருக்கிறாள். வேலூர் வெயில் மார்ச்சிலேயே மண்டையைப் பிளக்கிறது, இவள் மின்விசிறிக்கு அடியில் படுத்துக்கொண்டு போனில் பனிமலையைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். லின்ட்சே வான் என்று ஒரு அமெரிக்கப் பெண், பனிச்சறுக்கில் டவுன்ஹில், அதாவது மலை மேலிருந்து முழு வேகத்தில் சறுக்கி இறங்குகிற ஓட்டத்தின் வீராங்கனை. நேற்று ராத்திரி நான் தூங்கிக்கொண்டிருந்தபோது உலுக்கி எழுப்பி, "அப்பா, ரெண்டாவது வந்துட்டாங்க" என்கிறாள். எனக்கு ஒரு நிமிடம் எந்த வீட்டு விசேஷம் என்றே புரியவில்லை.

விஷயம் இதுதான். அமெரிக்காவில் சன் வேலி என்ற இடத்தில் உலகக் கோப்பை சூப்பர் ஜி போட்டி, டவுன்ஹில் மாதிரியே வேக ஓட்டம், வளைவு மட்டும் கொஞ்சம் அதிகம். சுவிட்சர்லாந்தின் லாரா குட் பெஹ்ராமி முதலிடம், வான் இரண்டாமிடம். வயது நாற்பது. 2019-ல் முட்டி தாங்கவில்லை என்று ஓய்வு அறிவித்து, போன வருடம் ஏப்ரலில் வலது முட்டியின் ஒரு பக்கத்தை எடுத்துவிட்டு டைட்டானியம் வைத்து, டிசம்பரில் திரும்பப் போட்டிக்கு வந்துவிட்டார்.

என் பெண் "நானும் திரும்ப ஆடுவேன்" என்கிறாள். அவள் அம்மா "போதும்" என்று ஒரே சொல்லில் முடித்துவிட்டாள். நான் நடுவில் மாட்டிக்கொண்டு முழிக்கிறேன். விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள், வான் செய்வது தைரியமா, பைத்தியமா?

குடியாத்தம் குமரன் | 24 மார்ச், காலை 8:45

சேகர் அண்ணே, முதலில் பாப்பா நல்லபடியாக எழுந்து நடக்கட்டும். ஆனால் மனதில் பட்டதைச் சொல்லிவிடுகிறேன், இதெல்லாம் காசு இருக்கிறவர்கள் விளையாட்டு. நம் ஊரில் ஐஸ் பார்க்க வேண்டுமென்றால் மீன் மார்க்கெட்டுக்குத்தான் போகவேண்டும். அவர் விழுந்தால் தூக்கிப்போக ஹெலிகாப்டர் வரும், நம் பிள்ளை விழுந்தால் பக்கத்து வீட்டு டிவிஎஸ் எக்ஸெல்தான் வரும். இரண்டையும் ஒன்றாக வைத்துப் பேசாதீர்கள்.

காட்பாடி கவிதா | 24 மார்ச், பிற்பகல் 1:20

சேகர் அண்ணா, நான் பிசியோதெரபிஸ்ட். பதினோரு வருடமாக முட்டிகளோடுதான் குடித்தனம். அதனால் கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முட்டிக்குள்ளே இரண்டு ஜவ்வு பெருக்கல் குறி மாதிரி குறுக்காக ஓடும். முன்னால் இருப்பதுதான் ஏசிஎல். கீழ்க்கால் எலும்பு முன்பக்கம் நழுவாமல் பிடித்து வைத்திருப்பது அதன் வேலை. கபடியில் காலை ஊன்றி உடம்பைத் திருப்பும்போது போவதும் அதுதான், பனிச்சறுக்கில் போவதும் அதுதான். பெண்களுக்கு ஆண்களைவிட அதிகமாகவே கிழிகிறது.

வானுக்கு 2013 பிப்ரவரியில் ஆஸ்திரியாவின் ஷ்லாட்மிங்கில் உலகச் சாம்பியன்ஷிப் போட்டி. சூப்பர் ஜி ஓட்டத்தில் ஒரு தாவலில் இறங்கியபோது வலது முட்டி மடங்கியது. ஏசிஎல் போச்சு, உள்பக்க ஜவ்வு போச்சு, அதற்குக் கீழே எலும்பின் மேல்தட்டிலும் விரிசல். இவ்வளவும் ஒரே விழுதலில். ஆபரேஷன் முடிந்து அதே வருடம் நவம்பரில் பயிற்சியில் விழுந்து, புதிதாக வைத்த ஜவ்வையும் பாதி கிழித்துக்கொண்டார். 2014 சோச்சி ஒலிம்பிக் போனது. அதற்கு முந்தைய ஒலிம்பிக்கில் டவுன்ஹில் தங்கம் வாங்கியவர், இதை டிவியில் உட்கார்ந்து பார்க்கவேண்டியதாயிற்று.

எல்லோரும் இந்தக் கதையில் "திரும்பி வந்தார்" என்பதை மட்டும் எடுத்துக்கொள்கிறார்கள். எனக்கு அந்த நவம்பர்தான் முக்கியம். பிப்ரவரியிலிருந்து நவம்பர் எண்ணினால் ஒன்பது மாதம், புத்தகக் கணக்குப்படி சரிதான். ஆனால் நாங்கள் யாரையும் மாதத்தை எண்ணி மட்டும் களத்துக்கு அனுப்பமாட்டோம். ஒற்றைக் காலில் தாண்டச் சொல்லி, தரையில் டேப்பை விரித்து அளப்போம். ஆபரேஷன் செய்த கால், நல்ல கால் தாண்டும் தூரத்தில் 90 சதவீதமாவது தாண்டவேண்டும். இன்னும் நாலைந்து சோதனைகள் இருக்கின்றன. பாப்பாவுக்கு இப்போது நாற்காலியில் உட்கார்ந்து குதிகாலை அழுத்தித் தொடையை இறுக்குகிற பயிற்சிதான் கொடுத்திருப்பார்கள், எரிச்சலாக இருக்கும், விடாமல் செய்யச் சொல்லுங்கள். பைத்தியமா தைரியமா என்பதை எட்டு மாதம் கழித்துப் பேசலாம்.

ஏலகிரி மணி | 24 மார்ச், இரவு 9:05

நான் மலைக்கு ஜீப் ஓட்டுகிறவன். பனியைக் கண்ணால் பார்த்ததில்லை, ஆனால் இந்த டவுன்ஹில் ஓட்டங்களை யூடியூபில் நிறையப் பார்த்திருக்கிறேன், தூக்கம் வராத ராத்திரிகளில். குமரன் அண்ணன் சொன்ன காசு விஷயம் வேறு, ஓட்டம் என்ன என்பதை நான் சொல்கிறேன்.

ஏலகிரி ஏறினால் பதினாலு கொண்டை ஊசி வளைவு, ஒவ்வொன்றுக்கும் ஒரு புலவர் பேர், இல்லையென்றால் ஒரு வள்ளல் பேர். புதிதாக வரும் டிரைவர் ஒவ்வொரு வளைவிலும் பிரேக் அடிப்பான். பழகினவன் இறங்கும்போது முந்தின வளைவிலேயே அடுத்ததற்கு வண்டியை வாகாக வைத்துக்கொள்வான், பிரேக்கைத் தொடுவது குறையும். டவுன்ஹில்லும் அதேதான். கால்பலகையின் ஓரம் பனியைச் சுரண்டுகிற ஒவ்வொரு இடத்திலும் நேரம் போகும். ஜெயிப்பு தோற்பு எல்லாம் வினாடியில் நூறில் ஒரு பங்கில் இருக்கிறது. அதனால் காலையிலேயே பாதை நெடுக மெதுவாகச் சறுக்கிப் போய் ஒவ்வொரு கேட்டையும், அதாவது பாதை காட்ட நட்டிருக்கிற கம்பங்களை, மனப்பாடம் செய்வார்கள். அப்புறம் மேலே நின்று கண்ணை மூடிக்கொண்டு கையை இப்படியும் அப்படியும் வளைத்துக்கொண்டிருப்பார்கள், பார்த்தால் சாமி வந்தது மாதிரி இருக்கும்.

அந்தப் பனியும் நாம் நினைக்கிற பஞ்சுப் பனி இல்லை. தண்ணீர் விட்டு இறுக வைத்த ஐஸ். இத்தாலியில் கோர்டினா என்று ஒரு ஊர், அங்கே இரண்டு பாறைச் சுவருக்கு நடுவே செங்குத்தாக இறங்குகிற இடம் ஒன்று உண்டு. வான் அந்த ஊரில் மட்டும் பன்னிரண்டு தடவை ஜெயித்திருக்கிறார். எனக்குப் பிடித்தது, அந்த இடத்தில் அவர் உடம்பைச் சுருட்டிக்கொண்டு அசையாமல் போவது. மற்றவர்கள் தடுமாறுவது தெரியும், இவர் தூக்கத்தில் போவது மாதிரி இருக்கும். ஐந்தடி பத்து அங்குலம், நல்ல எடை, ஆண்கள் பயன்படுத்துகிற நீளமான பலகை. அவ்வளவு பெரிய பலகையைத் திருப்பத் தொடையில் பலம் வேண்டும்.

பாகாயம் பிரபு | 24 மார்ச், இரவு 11:40

கணக்கு சொல்லாமல் எப்படித் தூங்குவது?

உலகக் கோப்பை வெற்றிகள் 82. அதில் டவுன்ஹில் மட்டும் 43. ஒட்டுமொத்தப் பட்டம் நான்கு தடவை (2008, 2009, 2010, 2012). டவுன்ஹில் பட்டம் எட்டு. அவருக்கு முன்னால் பெண்களில் அதிக வெற்றி ஆஸ்திரியாவின் அன்னெமாரி மோசர் ப்ரோலிடம் இருந்தது, 62, அதுவும் முப்பத்தைந்து வருடமாக யாரும் தொடாமல். 2015 ஜனவரியில் மேலே மணி சொன்ன அதே கோர்டினாவில் வான் அதைத் தாண்டினார். கவிதா அக்கா சொன்ன இரண்டு கிழிசலுக்கும் அப்புறம் நடந்தது இது.

ஆண்களோடு சேர்ந்து ஓட விடுங்கள் என்றும் கேட்டார், பனிச்சறுக்குக் கூட்டமைப்பு 2012-ல் முடியாது என்றுவிட்டது. ஓடியிருந்தால் எத்தனையாவது வந்திருப்பார் என்று பார்க்க எனக்கு இன்றைக்கும் ஆசை.

இப்போது இன்னொரு அமெரிக்க வீராங்கனை மிக்கேலா ஷிஃப்ரின் போன மாதம் நூறாவது வெற்றியைத் தொட்டுவிட்டார். அதனால் வான் பெரிய ஆளில்லை என்று சிலர் ஆரம்பிப்பார்கள். ஷிஃப்ரினின் பெரும்பாலான வெற்றிகள் ஸ்லாலம், ஜயன்ட் ஸ்லாலத்தில். அது நெளிந்து நெளிந்து போகிற ஓட்டம், வேகம் குறைவு. நூறு ரன் அடிக்கிறவரையும் ஐந்து விக்கெட் எடுக்கிறவரையும் ஒரே தட்டில் நிறுக்காதீர்கள்.

குமரன் அண்ணே, காசும் மலையும் கிடைத்ததால் வந்தார் என்றால் அதுவும் பாதிதான். அவர் கற்றுக்கொண்டது மினசோட்டாவில் பக் ஹில் என்ற மேட்டில். உயரம் சுமார் 300 அடி. நம் பக்கம் அதைக் குன்று என்றுகூடச் சொல்லமாட்டோம், கரடு என்போம். எரிக் சைலர் என்ற ஆஸ்திரியப் பயிற்சியாளர், கயிற்றைப் பிடித்து மேலே போகவேண்டும், உடனே இறங்கவேண்டும், ராத்திரி விளக்கு போட்டு அதையே நூறு தடவை.

குடியாத்தம் குமரன் | 25 மார்ச், காலை 7:30

பிரபு தம்பி, அதே குடும்பம் அப்புறம் அவருக்காக கொலராடோ மலைக்கே குடிபோனதையும் சேர்த்துச் சொல்லு. என் அப்பா எனக்காகக் குடியாத்தத்திலிருந்து காட்பாடிக்குக்கூட மாறவில்லை.

ஆம்பூர் அன்சர் | 25 மார்ச், பகல் 12:15

அஸ்ஸலாமு அலைக்கும், வணக்கம். நான் ஷூ அப்பர் யூனிட்டில் இருபது வருடம். எல்லோரும் முட்டியைப் பேசுகிறீர்கள், நான் முழங்காலுக்குக் கீழே பேசுகிறேன்.

ஒருமுறை எங்கள் சூப்பர்வைசர் ஒரு பழைய ஸ்கீ பூட்டைக் கொண்டுவந்தார், வெளிநாட்டு வாடிக்கையாளர் விட்டுப்போனது. நாங்கள் ஆளுக்கொரு தடவை காலை விட்டுப் பார்த்தோம். வெளியே கல்மாதிரி பிளாஸ்டிக், நாலு கொக்கி, உள்ளே தனியாக ஒரு மெத்தைக் காலுறை. போட்டால் கணுக்கால் ஒரு நூல் அசையாது. நேராக நிற்கவும் முடியாது, பூட்டே உங்களை முன்னால் சாய்த்து வைக்கும். அப்போது முழு எடையும் எங்கே விழுகிறது தெரியுமா, முழங்காலுக்கும் கணுக்காலுக்கும் நடுவே முன்னெலும்பில், பூட்டின் நாக்கு அழுத்துகிற இடத்தில். பலகையைத் திருப்புவதே அந்த எலும்பால் முன்னால் தள்ளித்தான். எங்கள் தையல் பிரிவுப் பெண் ஒருத்தி ரெண்டு நிமிஷம் போட்டுவிட்டுக் கழற்றினாள், காலில் சிவப்பாக ஒரு கோடு.

இப்போது 2010 வான்கூவர் ஒலிம்பிக்குக்கு வாருங்கள். அதற்கு இரண்டு வாரம் முன்னால் பயிற்சியில் விழுந்து வானுக்கு அடிபட்டது சரியாக அந்த எலும்பில்தான், வலது கால். பூட்டில் காலை நுழைக்கவே முடியவில்லை. அதற்கு என்ன வைத்தியம் செய்தார் என்று படித்தபோது சிரித்துவிட்டேன், ஆஸ்திரியாவில் டோப்ஃபென் என்று ஒரு பால் திரட்டு, பாலைத் திரித்து நீரை வடிகட்டினால் வருமே, அந்த மாதிரி. அதைக் காலில் அப்பிக் கட்டிக்கொண்டார். என் நன்னி இருந்திருந்தால் மஞ்சளும் சேர்த்து அரைத்துப் பத்துப் போட்டிருப்பார். இன்னொரு பக்கம் மழையும் இளகிய பனியும் சேர்ந்து போட்டிகளைத் தள்ளிப்போட்டது, அந்த நாட்களில் காலுக்கு ஓய்வு கிடைத்தது. பிப்ரவரி 17, டவுன்ஹில் தங்கம். இரண்டாவது வந்த ஜூலியா மான்குசோவைவிட 0.56 வினாடி முன்னால். அமெரிக்கப் பெண் ஒருவர் ஒலிம்பிக் டவுன்ஹில்லில் தங்கம் வாங்கியது அதுதான் முதல் தடவை.

அதிர்ஷ்டமும் இருந்தது, மறுக்கவில்லை. ஆனால் ஒரு நிமிடம் நாற்பத்து நாலு வினாடி அந்த எலும்பை அந்தப் பிளாஸ்டிக்கில் அழுத்திக்கொண்டே வந்தார் என்பது காலை விட்டுப் பார்த்த எனக்குத்தான் தெரியும்.

மட்டுறுத்துநர் | 25 மார்ச், பகல் 12:50

இழை இங்கேயே இருக்கட்டும். அன்சர் பாய், அந்த பூட் இப்போது எங்கே?

ஆம்பூர் அன்சர் | 25 மார்ச், பகல் 1:02

வாட்ச்மேன் அதில் கற்றாழை வைத்திருக்கிறார்.

சத்துவாச்சாரி சேகர் | 25 மார்ச், இரவு 8:30

இவர் மனைவி எழுதுகிறேன். போனை வைத்துவிட்டுக் கடைக்குப் போயிருக்கிறார், வந்து பார்த்துக்கொள்ளட்டும்.

நான் "போதும்" என்று சொன்னதை ஊரெல்லாம் தண்டோரா போட்டிருக்கிறார். எதற்குச் சொன்னேன் என்பதையும் கேளுங்கள். அரையிறுதிக்கு முந்தின நாளே அவளுக்கு முட்டி வீங்கியிருந்தது. பயிற்சி கொடுக்கிறவர் ஸ்பிரே அடித்து, இறுகக் கட்டி, "ஒரு மேட்ச்தானே" என்று இறக்கிவிட்டார். விழுந்ததும் கீழே இருந்தபடி கையைத் தூக்கியவளை எதிரணிப் பிள்ளைகள்தான் முதலில் தூக்கினார்கள். ஆஸ்பத்திரிக்கு அவர் வரவும் இல்லை, மறுநாள் போன்கூட இல்லை. எந்தப் பள்ளி என்று எழுதமாட்டேன், இன்னும் ஒரு வருடம் அங்கே படிக்கவேண்டும். கபடி போதும் என்று நான் சொல்லவில்லை. அந்த ஆள் போதும் என்றேன்.

அந்த லின்ட்சே வானைப் பற்றி என் மகள் சொல்லித்தான் எனக்கும் தெரியும். அவரைப் பெற்றபோது அம்மாவுக்குப் பக்கவாதம் வந்ததாம். அந்த அம்மா பிற்பாடு வேறொரு நரம்பு நோயில் 2022-ல் இறந்துவிட்டார். விழுந்து விழுந்து எழுகிறபோதெல்லாம் அம்மாவைத்தான் நினைத்துக்கொள்வாராம். அப்புறம், 2012-ல் தனக்கு மன அழுத்தம் இருக்கிறது, மருந்து சாப்பிடுகிறேன் என்று வெளிப்படையாகச் சொன்னாராம், ஜெயித்துக்கொண்டிருந்த நேரத்திலேயே. இதைச் சொன்னபோது என் மகள் முகத்தை ஏன் அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டாள் என்று எனக்கு ராத்திரிதான் புரிந்தது. மற்ற கணக்கெல்லாம் நீங்கள் பேசுங்கள்.

காட்பாடி கவிதா | 25 மார்ச், இரவு 9:15

அக்கா, வீங்கிய முட்டியோடு இறக்கியது பெரிய தப்பு. வீக்கம் இருந்தால் தொடைத் தசை தானாகவே வேலையைக் குறைத்துக்கொள்ளும், முட்டிக்குக் காவல் இருக்காது. இதை எங்கே வேண்டுமானாலும் வந்து சொல்கிறேன். பாப்பாவோடு நான் பேசட்டுமா? எண்ணைத் தனிச்செய்தியில் அனுப்புங்கள்.

குடியாத்தம் குமரன் | 25 மார்ச், இரவு 10:00

அண்ணி, நான் காசைப் பற்றி எழுதியதை மனதில் வைத்துக்கொள்ளாதீர்கள்.

ஆனாலும் ஒன்று கேட்கிறேன், நம் சத்துவாச்சாரியிலேயே சதீஷ் சிவலிங்கம் இருக்கிறாரே. 2014 கிளாஸ்கோ, 2018 கோல்டு கோஸ்ட், இரண்டு காமன்வெல்த்திலும் 77 கிலோ பளுதூக்கலில் தங்கம். இரண்டாவது தடவை தொடையில் வலியோடு தூக்கினார் என்று அப்போது பேப்பரிலேயே வந்தது. பாப்பாவுக்கு அதைச் சொல்லலாமே, அமெரிக்கா எதற்கு?

சத்துவாச்சாரி சேகர் | 25 மார்ச், இரவு 10:25

சொல்லாமல் இருப்பேனா தம்பி, அவர் இருக்கிற பக்கத்தில்தானே நாங்களும். "அவர் ஆம்பளப்பா, அவருக்கு யாரும் போதும்னு சொல்லலை" என்கிறாள். பதில் வரவில்லை எனக்கு.

(மேலே என் பேரில் வந்ததைப் படித்தேன். அந்தப் பயிற்சியாளர் விஷயம் எனக்கே இவ்வளவு விவரமாகத் தெரியாது.)

பாகாயம் பிரபு | 13 டிசம்பர் 2025, காலை 6:40

இழையைத் தூசி தட்டுகிறேன்! நேற்று சுவிட்சர்லாந்தின் சென்ட் மோரிட்ஸில் டவுன்ஹில், லின்ட்சே வான் முதலிடம்! 41 வயது! இரண்டாமிடத்துக்குக் கிட்டத்தட்ட ஒரு வினாடி வித்தியாசம், டவுன்ஹில்லில் அது யுகம். உலகக் கோப்பையில் இந்த வயதில் ஆணோ பெண்ணோ யாரும் ஜெயித்ததில்லை. இது 83-வது வெற்றி. சேகர் அண்ணே எங்கே?

சத்துவாச்சாரி சேகர் | 13 டிசம்பர், காலை 7:05

தெருவுக்கே சாக்லேட் கொடுத்தாகிவிட்டது தம்பி. யாருக்குப் பிறந்தநாள் என்று கேட்கிறார்கள்.

ஏலகிரி மணி | 31 ஜனவரி 2026, இரவு 10:30

நேற்று சுவிட்சர்லாந்தில் விழுந்துவிட்டார், பார்த்தீர்களா? இந்தத் தடவை இடது முட்டி. ஒலிம்பிக் டவுன்ஹில்லுக்கு எட்டு நாள்தான் இருக்கிறது, அதுவும் கோர்டினாவில்.

காட்பாடி கவிதா | 4 பிப்ரவரி 2026, காலை 9:00

ஏசிஎல் முழுசாகக் கிழிந்தது என்று அவரே சொல்லிவிட்டார், அப்படியும் பிரேஸ் மாட்டிக்கொண்டு ஓடப்போகிறாராம். ஏசிஎல் இல்லாமல் சிலர் சமாளிப்பார்கள், தசை அவ்வளவு பலமாக இருந்தால். நேராகப் போகிற வரைக்கும் சரி. என் நோயாளியாக இருந்தால் விடமாட்டேன். ஆனால் அவர் பதினாறு வயதுப் பிள்ளை இல்லை, யாரும் ஸ்பிரே அடித்து இறக்கிவிடவும் இல்லை. தெரிந்தே போகிறார்.

சத்துவாச்சாரி சேகர் | 9 பிப்ரவரி 2026, காலை 5:50

நேற்று சாயங்காலம் நாலு மணிக்கு வீடே டிவி முன்னால். அவள் அம்மாகூட அரிசி புடைக்கிற முறத்தோடு வந்து உட்கார்ந்தாள். கிளம்பிப் பதிமூன்று வினாடி. ஒரு கேட்டில் கை மாட்டியது, காற்றில் சுழன்று விழுந்தார். முனகல் சத்தம் டிவியில் கேட்டது. ஹெலிகாப்டர் கயிற்றில் கட்டித் தூக்கிப் போனது. இடது கால் எலும்பு முறிவு. தங்கம் அதே அமெரிக்காவின் பிரீசி ஜான்சனுக்கு.

குமரன் தம்பி சொன்ன ஹெலிகாப்டர் வந்தது. யாருக்கும் பேச வாய் வரவில்லை.

என் மகள் அழவில்லை. டிவியை அணைத்தாள். கொஞ்ச நேரம் கழித்து, "முட்டியால விழலப்பா, கேட்டுக்கு ரொம்ப கிட்ட போயிட்டாங்க, அதான்" என்றாள். இன்று காலை ஐந்து மணிக்கே எழுந்து முற்றத்தில் டேப்பை விரித்து, அவள் அம்மா ஒரு முனையைப் பிடிக்க, தாண்டிக்கொண்டிருக்கிறாள். நல்ல கால் 1 மீட்டர் 32. ஆபரேஷன் கால் 1 மீட்டர் 21. கவிதாம்மா, இது தேறுமா?

காட்பாடி கவிதா | 9 பிப்ரவரி, காலை 7:10

91 சதவீதத்துக்கு மேல் வருகிறது அண்ணா. ஆனால் முற்றத்துக் கணக்கை நான் ஒத்துக்கொள்ளமாட்டேன், சிமெண்ட் தரையில் வெறுங்காலோடு தாண்டவிடாதீர்கள். புதன்கிழமை கூட்டிவாருங்கள், மூன்று தடவை தொடர்ந்து தாண்டவைத்து, வீடியோ எடுத்து, இறங்கும்போது முட்டி உள்ளே மடங்குகிறதா என்று பார்க்கவேண்டும். அக்காவையும் கூட்டிவாருங்கள்.

குடியாத்தம் குமரன் | 9 பிப்ரவரி, காலை 7:25

புதன்கிழமை எனக்கு வேலூரில் வேலை இருக்கிறது. பஸ்ஸில் அலையவேண்டாம், வண்டியோடு வீட்டுக்கு வந்துவிடுகிறேன். டிவிஎஸ் எக்ஸெல் இல்லை அண்ணே, கார்தான்.